சாத்தனின் தந்தைக்கு என்ன பெயர்?



இந்த இருக்கையில் எனக்கு முன் அமர்ந்தவர்களில் இருவர் எனக்குப் பாடம் சொன்னவர்கள். அவர்கள் பேசியபோது கடைசி வரிசையில் இருந்து குறிப்பெடுத்தவன் நான். அழைப்புக் கடிதம் வந்த நாள் முதல் மகிழ்ச்சி ஒரு பங்கு என்றால் அச்சம் இரண்டு பங்கு.

மாநாட்டின் பொருள், பண்பாடுகளில் ஆட்பெயரும் குடும்பப்பெயரும். இதன் பரப்பை நீங்கள் அறிவீர்கள். குடும்பப்பெயரை ஜப்பான் 1875இலும் துருக்கி 1934இலும் சட்டத்தால் கட்டாயமாக்கின. ஐஸ்லாந்தில் பெரும்பாலோர்க்கு இன்றும் குடும்பப்பெயர் கிடையாது. தந்தை அல்லது தாயின் பெயரே பின்னால் நிற்கிறது. நாம் தலைப்பெழுத்தோடு வாழ்கிறோம். இவையெல்லாம் இரண்டு நாள் அமர்வுகளில் விரிவாக வரும். நான் ஒரே ஒரு பெயர்வகையைப் பற்றிப் பேச அனுமதி கேட்கிறேன்.

பிள்ளையின் பெயரால் பெற்றோரை அழைப்பது. அரபியர் 'அபூ' என்று தொடங்கிப் பிள்ளையின் பெயரைச் சேர்ப்பார்கள். பாலித் தீவில் தந்தைக்குப் 'பான்', தாய்க்கு 'மென்'. 1889இல் எட்வர்டு டைலர் இவ்வழக்குக்கு ஒரு கலைச்சொல் தந்தார். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இதற்குப் புணர்ச்சி விதி எழுதியவர் தொல்காப்பியர். புள்ளிமயங்கியலில் இயற்பெயரின் பின் தந்தை என்னும் முறைப்பெயர் வந்தால் என்ன ஆகும் என்கிறார். சாத்தன், தந்தை என்பவை சாத்தந்தை ஆகும். ஆதன், தந்தை என்பவை ஆந்தை ஆகும். பிசிராந்தையார் பிசிர் என்ற ஊரைச் சேர்ந்த ஆதனின் தந்தை. நரையின்மைக்குக் காரணம் கேட்டபோது மனைவியையும் மக்களையும் முதலில் சொன்ன புலவர், மகனின் பெயரையே தம் பெயராகச் சுமந்தவர். அவர் பெயரில் பறவையைத் தேடுவோர் இன்னும் இருப்பது எனக்கு வருத்தம்.

இந்த விளக்கத்தை மறுப்பவர்கள் உண்டு. நான் பெரிதும் மதிக்கும் மூத்த ஆய்வாளர் ஒருவர், பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கில் என் கட்டுரையை இந்த இடத்தில்தான் நிறுத்தினார். மேட்டுப்பட்டிக் குகைக் கல்வெட்டுகளில் வரும் 'அந்தை' மரியாதைச் சொல். சாத்தந்தையின் வாலும் அதுவே. பிள்ளைக்கு அங்கே இடமில்லை என்றார். அன்று என்னிடம் விடையில்லை. இன்று சொல்கிறேன்.

முதலாவது, கல்வெட்டில் அந்தை பெயருக்கு முன்னே நிற்கிறது. புலவர் பெயர்களில் பின்னே நிற்கிறது. இரண்டாவது, தொல்காப்பியர் 'முறை' என்ற சொல்லைப் போட்டுத்தான் விதியைத் தொடங்குகிறார். அடுத்து மக்கள் முறைக்கு விதி சொல்லும்போதும் அதே சொல்லை ஆள்கிறார். சாத்தங்கொற்றன் என்றால் சாத்தனின் மகன் கொற்றன் என்பதை எவரும் மறுப்பதில்லை. மகன் முறைக்கு உறவு என்றும், தந்தை முறைக்கு வெறும் மரியாதை என்றும் எப்படிப் பிரிப்பது?

மூன்றாவது சான்றைத்தான் நாம் கவனிக்கவே இல்லை. கீழ்க்கணக்கு என்றால் திருக்குறளையும் நாலடியாரையும் எடுத்துவிட்டு மற்றவற்றை அலமாரியில் வைத்துவிடுகிறோம். திணைமொழி ஐம்பதின் ஆசிரியர் யார்? சாத்தந்தையார் மகனார் கண்ணன் சேந்தனார். புறநானூற்றுச் சாத்தந்தையாரும் இவரும் வேறாக இருக்கலாம். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. பெயரை மட்டும் பாருங்கள். கண்ணன் சேந்தன் என்பதை மக்கள் முறையில் படித்தால் கண்ணனின் மகன் சேந்தன். ஆனால் தந்தையோ சாத்தந்தை. முரண் போலத் தெரிகிறதல்லவா? முரணில்லை. தந்தையின் இயற்பெயர் கண்ணன். அவருக்குச் சாத்தன் என்றொரு பிள்ளை பிறந்ததும் ஊரார் அவரைச் சாத்தன் தந்தை என்றார்கள். இன்னொரு மகன் சேந்தன் தந்தையின் இயற்பெயரைத் தன் பெயருக்கு முன் வைத்துக்கொண்டான். ஒரே வீட்டில் இரண்டு விதிகளும் வாழ்கின்றன.

கண்ணன் சேந்தன் என்பது ஒருவருக்கே உரிய இரட்டைப் பெயராக இருக்கக்கூடாதா என்று கேட்பீர்கள். அழகர்மலைக்குப் போங்கள். கணக்கன் ஆதனின் மகன் ஆதன் ஆதன் என்று பாறை சொல்கிறது. முதல் ஆதன் தந்தை; 'மகன்' என்ற சொல்லே அங்கு சான்று. என் வாசிப்பு ஊகம்தான், ஆனால் அந்தப் பாறையின் மேல் நிற்கும் ஊகம்.

இந்த வழக்கு செத்துப்போகவும் இல்லை. கணவன் பெயரைச் சொல்லாத பெண்கள் நம் வீடுகளில் 'செல்வி அப்பா' என்றுதானே கூப்பிட்டார்கள்? ஊர் ஆய்வு செய்யும் இளையோரிடம் ஒரு வேண்டுகோள். அப்படி அழைக்கும்போது தலைப்பிள்ளையின் பெயரா, முதல் ஆண்பிள்ளையின் பெயரா என்று கேட்டு எழுதிவாருங்கள். நாளைப் பிற்பகல் அமர்வில் பேசுவோம். எப்படி இருந்தாலும் சாத்தன் சேந்தனுக்கு அண்ணன் என்றே நினைக்கிறேன். சாத்தனுக்கு முன் ஓர் அக்கா இருந்தாளா என்பதுதான் எனக்குத் தெரியவேண்டும்.