வராத நோய்க்குச் சாட்சி



இன்று பட்டம் பெறும் நீங்கள் தேர்ந்துகொண்ட பொதுச் சுகாதாரத் தொழிலுக்குப் பிறவியிலேயே ஒரு குறை உண்டு. மருத்துவர் குணமாக்கிய நோயாளி நன்றி சொல்ல வருவார். வராமல் தடுத்த நோய்க்கு நன்றி சொல்ல யாரும் வருவதில்லை. நோய் தன்னை நெருங்கியதே தப்பியவருக்குத் தெரியாது. அதனால்தான் அரசு செலவைக் குறைக்க முனையும்போது இந்தத் துறையில் கை வைப்பது சுலபமாகிவிடுகிறது. 2025 மார்ச் இறுதியில் அமெரிக்க சுகாதாரத் துறை தன் ஊழியர் எண்ணிக்கையை 82,000-லிருந்து 62,000 ஆகக் குறைக்கப்போவதாக அறிவித்தது. ஏப்ரல் 1 அன்று ஆயிரக்கணக்கானோருக்குப் பணிநீக்க அறிவிப்பு போனது. வேலை இழந்தவர்களில் பலர் அட்லாண்டாவில் அத்துறையின் கீழ் இயங்கும் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் தலைமையகத்துக்கு வெளியே பதாகை பிடித்து நின்று, தங்கள் துறைக்காகப் பேசினார்கள். அப்படிப் பேசியது சரியா? சரி என்பது மட்டுமல்ல, அது அவர்களுடைய தொழிற்கடமை என்றே நான் கருதுகிறேன்.

அன்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் கலப்பதைக் கண்காணித்த குழுவும் இருந்தது. அத்தகைய கண்காணிப்பு என்ன செய்தது என்று பார்த்தால் என் வாதம் விளங்கும். 1970-களின் இறுதியில், ஐந்து வயதுக்கு உட்பட்ட அமெரிக்கக் குழந்தைகளில் 88 விழுக்காட்டினரின் இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் ஈயம் இருந்தது. பெட்ரோலிலிருந்தும் பெயின்டிலிருந்தும் ஈயத்தை அகற்றிய பிறகு, 1990-களின் தொடக்கத்தில் அது 4.4 விழுக்காடாக இறங்கியது. வேலை முடிந்துவிட்டது என்றுதானே தோன்றும்? 2023-இல் வட கரோலினாவில் சில குழந்தைகளின் வழக்கமான இரத்தப் பரிசோதனையில் ஈயம் தென்பட்டது. சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுச் சுவரையும் தண்ணீரையும் சோதித்து, கடைசியில் குழந்தைகள் சாப்பிட்ட ஆப்பிள் கூழ்ப் பொட்டலத்தில் வந்து நின்றார்கள். அதில் சேர்த்த பட்டைத்தூளில் ஈயம் இருந்தது. இலங்கையிலிருந்து போன பட்டையில் குற்றமில்லை. எக்குவடோரில் அரைத்த இடத்தில்தான் கலப்படம் நேர்ந்திருக்க வேண்டும் என்று விசாரணை காட்டியது. பொட்டலங்கள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. அதற்குள் பாதிப்பு ஏற்பட்டதாகக் கணக்கில் வந்த குழந்தைகள் ஐந்நூறுக்கும் மேல். வாங்காமல் தப்பிய குழந்தைகளுக்கு எந்தக் கணக்கும் இல்லை.

2025-இல் மில்வாக்கி நகரத்துப் பழைய பள்ளிக் கட்டடங்களில் உதிர்ந்த பெயின்டிலிருந்து குழந்தைகளுக்கு ஈயம் ஏறியது. நிபுணர்களை அனுப்புமாறு நகர நிர்வாகம் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தைக் கேட்டது. ஏப்ரல் தொடக்கத்தில் வந்த பதில், உதவ இயலாது என்பது. அனுப்புவதற்கு ஆள் இல்லை.

சம்பளம் வாங்குகிறவர் தன் வேலைக்காகக் குரல் கொடுப்பது சுயநலம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. "எங்கள் பதவிகளைப் பறிக்காதீர்கள்" என்று மட்டும் சொன்னால் மக்கள் காது கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் வேண்டியதில்லை. எந்த வேலை நிற்கும், நின்றால் யாருக்கு என்ன ஆகும் என்று சொன்னால் பேச்சு வேறாகிவிடும். மேற்கு வர்ஜீனியாவில் அதுதான் நடந்தது. நிலக்கரித் தூசியால் நுரையீரல் பாதிக்கப்பட்ட சுரங்கத் தொழிலாளி, எக்ஸ்ரே சான்றின்பேரில், சம்பளம் குறையாமல் தூசி குறைந்த வேலைக்கு மாறலாம் என்று அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. அந்தப் படங்களைப் பார்த்துச் சான்றளித்தவர்களை ஏப்ரலில் நீக்கியதும், உரிமை ஏட்டளவில் நின்றுபோனது. வழக்குத் தொடுத்தவர் ஒரு சுரங்கத் தொழிலாளி. மே மாதம் கூட்டாட்சி நீதிமன்றம் அந்தப் பணியை மீட்கச் சொன்னது. ஊழியர்களுக்காக, ஊழியரல்லாத ஒருவர் பேசினார்.

அரசு எந்திரம் பெருத்துவிட்டது, ஒரே வேலையை நான்கு பிரிவுகள் செய்கின்றன என்பது இன்னொரு வாதம். அதில் உண்மை உண்டு. எதை விடலாம், எதை இணைக்கலாம் என்று உள்ளே இருப்பவர்களே முன்வந்து சொல்ல வேண்டும். சொல்லாமல் இருந்தது இத்துறையின் பிழை என்பேன். ஆனால் ஏப்ரலில் நடந்தது அளந்து வெட்டிய வெட்டு அல்ல. ஜூன் மாதமே 450-க்கு மேற்பட்டோரைத் திரும்ப அழைத்தார்கள், ஈயக் குழுவினர் உட்பட. தேவையில்லாதவர்களை யாரும் இரண்டே மாதத்தில் திரும்பக் கூப்பிடுவதில்லை.

அறிவியல் பேசுபவர் அரசியலில் தலையிடலாமா என்பது எனக்கும் கடினமான கேள்விதான். அமெரிக்காவில் 1939-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, அரசு ஊழியர் பணி நேரத்தில் கட்சி வேலை செய்வதைத் தடுக்கிறது. தடுக்கட்டும். ஈயம் மூளையைக் கெடுக்கும் என்று சொல்வது கட்சிப் பேச்சாகாது. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது: 2020-இன் தொடக்கத்தில் பொதுமக்களுக்கு முகக்கவசம் தேவையில்லை என்ற சுகாதார அதிகாரிகள் ஏப்ரலில் அதையே அணியச் சொன்னார்கள். முதலில் அவர்கள் காட்டிய உறுதிக்கு அவர்களிடம் சான்று போதவில்லை. அப்போது போன நம்பிக்கை, துறை வாய்மூடி இருந்தால் திரும்பாது. தெரிந்ததைத் தெரியும் என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் ஒவ்வொரு முறையும் சொன்னால் மெல்லத் திரும்பலாம்.

மக்களிடம் இப்படிப் பேசுவதை நெருக்கடி வந்த பிறகு தொடங்க முடியாது. முன்பு சொன்ன எக்ஸ்ரே படங்களை எடுக்கும் நிலக்கரித் தொழிலாளர் பரிசோதனைத் திட்டம் 1970 முதல் நடக்கிறது. அதன் எக்ஸ்ரே வண்டி சுரங்கப் பகுதிகளுக்கே போய் இலவசமாகப் படம் எடுத்திருக்கிறது. படத்தைப் பார்த்தவர் யார் என்று சுரங்கத்தில் எவருக்கும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வண்டி எதற்காக வந்தது என்பது தெரிந்திருந்தது.