அண்ணாச்சி சொன்னதும் எங்க காதுல விழுந்ததும்



தொழில் அனுபவம் பற்றிப் பேசச் சொன்னார்கள். லாபக் கதை சொல்ல இங்கே நிறையப் பேர் இருக்கீங்க. நான் நஷ்டக் கதை சொல்றேன்.

எங்க குழுவில் நாங்க நாலு பேர் சேர்ந்து இட்லிப் பொடி அரைக்கிறோம். முதல் வருஷம் தெரிஞ்ச வீடுகளுக்கு மட்டும்தான் கொடுத்தோம். அப்புறம் தைரியம் வந்து, பஸ் ஸ்டாண்டு பக்கத்து மளிகைக் கடை அண்ணாச்சிகிட்டே சாம்பிள் கொண்டுபோனோம். ஒரு விரல் தொட்டு நாக்கில் வச்சுப் பார்த்தார். "நல்லாருக்கும்மா. ஒரு நூறு பாக்கெட் அனுப்புங்க" என்றார். எங்களுக்குக் கால் தரையில் நிக்கலை. குழுவில் 6,000 ரூபாய் கடன் வாங்கினோம். உளுந்து, கடலைப்பருப்பு, வத்தல், எள்ளு எல்லாம் மொத்தமா எடுத்து, ரெண்டு ராத்திரி கண் முழிச்சு வறுத்து அரைச்சோம். கால் கிலோ பாக்கெட், விலை 90 ரூபாய், கடைக்கு 72.

ஒரு மாசம் கழிச்சுப் பணம் வாங்கப் போனா, 38 பாக்கெட்டுக்கு 2,736 ரூபாயை எண்ணிக் கொடுத்துட்டு, மீதி 62 பாக்கெட்டை அட்டைப்பெட்டியோட முன்னால வைக்கிறார். "போகலைம்மா, எடுத்துக்கோங்க." எனக்கு அழுகையே வந்துருச்சு. ஏமாத்திட்டார்னுதான் அன்னைக்கு வீட்டுக்கு வந்து பேசினேன்.

அவர் ஏமாத்தலை. புதுச் சரக்குன்னா வித்த பிறகுதான் காசு, விக்காதது திரும்ப வரும், இது அவர் கடை வழக்கம். எங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்னு அவர் நினைச்சார். 'அனுப்புங்க'ன்னா வாங்கிட்டார்னு நாங்க நினைச்சோம். ரெண்டு பேரும் கேட்டுக்கலை. அந்த வெள்ளிக்கிழமை கூட்டத்தில் தவணை கட்ட முடியாம தலை குனிஞ்சு உட்கார்ந்தது இன்னும் ஞாபகம் இருக்கு.

திரும்பி வந்த பாக்கெட்டில் தேதியை மாத்தி ஒட்டலாமான்னு ஒரு பேச்சு வந்தது. வேண்டாம்னு விட்டோம். பழைய தேதியைச் சொல்லியே தெருவில் குறைச்ச விலைக்குக் கொடுத்தோம்.

அடுத்த சண்டை விலையைப் பற்றி. 90 ரூபாய் அதிகம், 75 ஆக்கினாத்தான் போகும்னு மூணு பேர் சொன்னாங்க. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. ஆனா ஒருதடவை சூடு பட்டாச்சே! அண்ணாச்சிகிட்டே கேட்டு, ஒரு சாயங்காலம் அவர் கடை ஓரமா நின்னேன். ஒரு அக்கா எங்க பொடியை எடுத்துப் பார்த்துட்டு, "விலை கூடுதலா இருக்கே"ன்னு வச்சுட்டாங்க. 75-க்குத் தர்றேன்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. அடக்கிக்கிட்டு, "உங்களுக்கு எவ்வளவுக்கா வேணும்?" என்று கேட்டேன். "ரெண்டு நாளைக்குப் போதும்மா. பிரிச்சு வச்சா வாசனை போயிருது" என்றார். கூலி வாங்கிட்டு அன்னன்னைக்குச் சாமான் வாங்குறவங்கதான் அந்தக் கடைக்கு அதிகம் வர்றாங்க.

50 கிராம் பாக்கெட் போட்டோம், 20 ரூபாய். கணக்குப் பாருங்க: கால் கிலோவுக்கு அது 100 ரூபாய் ஆகுது! விலை கூடுதல்னு சொன்ன அதே அக்கா வாங்கிட்டுப் போனாங்க. கவர் செலவு கொஞ்சம் கூடிச்சு, அவ்வளவுதான். விலையைக் குறைச்சிருந்தா ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் நஷ்டப்பட்டிருப்போம், அந்த அக்காவும் வாங்கியிருக்க மாட்டாங்க.

இப்போ எந்தக் கடைக்குப் போனாலும் நோட்டில் எழுதி, அவங்க முன்னாலேயே சத்தமா வாசிக்கிறோம். "நூறு பாக்கெட், பணம் பத்தாம் தேதி, விக்காதது உங்க பொறுப்பு. சரிதானே அண்ணாச்சி?" உடனே சிலர், "ஐயோ, அப்படி இல்லம்மா" என்பார்கள். கூச்சமாத்தான் இருக்கும். ஆனா அந்த 'ஐயோ'வை அன்னைக்கே கேட்டிருந்தா 62 பாக்கெட்டுக்கான 4,464 ரூபாயை நம்பி நாங்க கடன் வாங்கியிருக்க மாட்டோம்.

போன வாரம் எங்க தங்கச்சி ஒருத்தி, ஒரு ஹாஸ்டல் ஆர்டர் கிடைச்சிருச்சுன்னு மிட்டாயோட வந்தா. "அவங்க என்ன வார்த்தை சொன்னாங்க?" என்று கேட்டேன். "விலைப் பட்டியல் கொடுங்கன்னாங்க" என்றாள். மிட்டாயைத் தின்னுட்டோம். உளுந்து இன்னும் வாங்கலை. திங்கட்கிழமை நோட்டை எடுத்துக்கிட்டு ரெண்டு பேரும் போறோம்.