குடி நோயும் குடும்ப கௌரவமும்
(மதுரைப் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



குடியின் கேட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் அநேகர். குடிக்கு வைத்தியம் செய்துகொள்ளப் போனவனுடைய வீட்டார் படும் பாட்டைப் பற்றிப் பேசுகிறவர்களைத்தான் காணோம். ஆகையால் அதைப் பற்றியே சில வார்த்தைகள் சொல்லுகிறேன்.

ஊரார் கதை எதற்கு? என் வீட்டுச் சங்கதியையே சொல்லுகிறேன். சொல்லும்படி என் தம்பியே சம்மதம் கொடுத்திருக்கிறான். அவன் பத்து வருஷம் குடித்தான். திருமங்கலம் சாலையில் விழுந்து கிடந்ததை ஊரே பார்த்தது. அப்போதெல்லாம் எங்கள் கௌரவம் போகவில்லையாம். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்குத்தான் போய்விட்டதாம்! “கோயமுத்தூருக்கு வேலையாகப் போயிருக்கிறான் என்று சொல்லிவிடு” என்றார்கள் பெரியவர்கள். நானும் அப்படியே புளுகினேன்.

இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். முந்தின வருஷம் அவனைச் சாமி முன் நிறுத்திக் கயிறு கட்டிச் சத்தியம் வாங்கினார்கள். அதை ஒருவரும் மறைக்கவில்லை. பந்துக்களுக்கெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார்கள். சத்தியம் பத்து நாள்கூடத் தாங்கவில்லை. பலிக்காத கயிற்றுக்கு வெட்கமில்லை, வைத்தியத்துக்கு மாத்திரம் வெட்கம் என்றால் இது என்ன புத்தி?

வெகுநாள் மிதமிஞ்சிக் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறி இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம், உயிருக்கே ஆபத்தும் நேரலாம். இதற்கு வேண்டியது வைத்தியரா, கயிறா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

என் புளுகின் பலனைச் சொல்லுகிறேன். சித்திரைத் திருவிழாவுக்கு வந்த சிநேகிதர்கள், “கோயமுத்தூர்க்காரன் திரும்பி வந்துவிட்டானா!” என்று சந்தோஷப்பட்டுப் புட்டியோடு வந்தார்கள். தம்பியோ வைத்தியர் கொடுத்த டைசல்பிராம் மாத்திரை சாப்பிட்டுக் கொண்டிருந்தான். அதைச் சாப்பிடுகிறவன் உடம்பில் சாராயம் சேர்ந்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடக்கும்; சில சமயம் பிராணனும் போகும். தம்பி புட்டியைத் தொடாமல் எழுந்து உள்ளே போய்விட்டான். வந்தவர்கள் விரோதிகளல்ல, அறியாதவர்கள். அவர்களை அறியாதவர்களாக வைத்தது யார்? நான்தான்!

அன்றிரவே தம்பியைக் கேட்டேன். அவன் யோசித்து, மூன்று பேருக்குத் தானே சொன்னான். ஒருவர் அதோடு வருவதை நிறுத்திவிட்டார், போகட்டும். மற்ற இருவர் கடைக்குப் போகும் வேளை பார்த்து மாலைதோறும் வந்து, அவனை வைகைக் கரைக்கு அழைத்துப் போகிறார்கள். அவர்கள் அதன்பின் புட்டியோடு வந்ததே இல்லை.

அப்படியானால் தெருத்தெருவாய்த் தண்டோரா போடு என்கிறேனா? இல்லை. நோய் யாருடையதோ, சொல்லும் உரிமையும் அவனுடையதே. 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டம் குடியால் வரும் மனநோயையும் நோயாகவே ஒப்புக்கொண்டு, வைத்தியம் செய்கிறவர்கள் அதை வெளியிடக் கூடாது என்கிறது. வைத்தியருக்கு உள்ள கட்டுப்பாடு அண்ணனுக்கு வேண்டாமா? ஆனால் குடிகாரன் மனைவி தன் துயரத்தை நம்பிக்கையான ஒருத்தியிடம் சொல்லி அழுதால் அது துரோகமல்ல. அவள் சொல்வது அவள் கஷ்டம், அவளும் மனுஷிதானே! அவனுடைய நோய்க் கதையை ஊருக்கு ஒப்பிப்பதுதான் குற்றம்.

சென்னையில் டி. டி. கிருஷ்ணமாச்சாரியின் பேரரான ரங்கநாதன் குடியினால் இறந்தார். அவர் மனைவி சாந்தி ரங்கநாதன் அதை மறைத்து வைக்காமல், கணவர் பெயராலேயே 1980இல் குடிநோய்ச் சிகிச்சைக்கு ஸ்தாபனம் ஏற்படுத்தினார். அந்தக் குடும்பத்தின் கௌரவம் குறைந்துவிட்டதா? 1992இல் பத்மஸ்ரீ விருது வந்தது!

ஆகவே தோழர்களே, முதலில் நோயாளியைக் கேளுங்கள். அவன் சம்மதித்தால், புட்டியை நீட்டக்கூடியவர்களுக்கும், கை கொடுக்கக்கூடியவர்களுக்கும் சொல்லுங்கள். அவன் சம்மதிக்காவிட்டால், “அது அவன் விஷயம், அவனையே கேளுங்கள்” என்று சொல்லி நிறுத்துங்கள், புளுகாதீர்கள். குடித்து விழுந்தவனைப் பார்த்துச் சிரித்த ஊர், எழுந்து நிற்கிறவனைப் பார்த்துச் சிரிக்குமானால், வெட்கப்பட வேண்டியது ஊரே தவிர அவனல்ல.