மேலாண்மைக் கல்வியும் நம் பிள்ளைகளும்: வாய்ப்பை அளக்கும் முறை



வெள்ளி விழாக் காணும் இச்சங்கத்தின் உழைப்பால் நம் தெருக்களில் பட்டதாரிகள் பெருகியுள்ளனர். ஆயினும் பட்டத்திற்குப் பின் யாது என வினவினால் ஆசிரியப் பணி, காவல் துறை, தேர்வாணையம் என்ற மூன்று விடைகளே வருகின்றன. 1961-இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும், 1973-இல் பெங்களூரிலும் தோன்றிய இந்திய மேலாண்மைக் கழகங்களை எவரும் நினைப்பதில்லை. திருச்சிராப்பள்ளிக்கே 2011-இல் ஒன்று வந்துவிட்டது. "அது நமக்கு எட்டாது" என்கின்றனர். அளந்து பார்த்துச் சொன்ன சொல்லா அது?

போடியில் ஏலக்காயைக் கண்ணால் கண்டு மட்டும் எவரும் விலை சொல்வதில்லை. சல்லடையில் சலித்து, 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்டது எவ்வளவு, 7-க்கு மேற்பட்டது எவ்வளவு எனப் பிரிப்பது நம் தாய்மார்கள் நன்கறிந்த தொழில். பிள்ளையின் வாய்ப்பையும் அவ்வாறே பிரித்துப் பார்த்தல் வேண்டும்.

இக்கழகங்களுக்குரிய 'கேட்' தேர்வில் முடிவைச் சொல்வது நூற்றுமானம். 85 நூற்றுமானம் என்றால் 85 மதிப்பெண் அன்று. எழுதியவருள் நூற்றுக்கு 85 பேர் நமக்குக் கீழே நிற்கின்றனர் என்பதே பொருள். 2024-இல் எழுதியோர் ஏறத்தாழ 2 லட்சத்து 93 ஆயிரம் பேர். செய்தித்தாளில் 99 என்ற எண்ணைக் கண்டு நம் பிள்ளைகள் விண்ணப்பமே வாங்காது ஒதுங்குகின்றனர். அஃது எல்லோர்க்கும் உரிய கோடு அன்று. பட்டியல் சாதியினர்க்கு 15 விழுக்காடும், குரங்கணி மலைப்புறத்து முதுவர் போன்ற பழங்குடியினர்க்கு 7.5 விழுக்காடும் இடங்கள் உண்டு. அவற்றிற்குத் தனிப் பட்டியல் உண்டு. நம் மாநிலத்தின் 18 விழுக்காட்டையும், அதனுள் அருந்ததியர்க்குரிய 3-ஐயும் அங்கே தேடுதல் கூடாது. பட்டப்படிப்பில் 45 விழுக்காடு பெற்றிருந்தாலே நாம் தேர்வெழுதலாம்.

இதைக் கேட்டு, ஒதுக்கீடு இருக்கிறது, இடம் தானே வரும் என்று இருந்துவிடுவாரும் உளர். ஒவ்வொரு கழகமும் வெளியிடும் குறைந்தபட்சத் தகுதிக் கோடு வேறு. நேர்முகத்திற்கு உண்மையில் அழைக்கப்படுவோர் நிற்கும் கோடு வேறு. பின்னது மேலே இருக்கும். மேலும், மொழி, தரவு ஆய்வு, கணிதம் என்ற மூன்று பகுதிக்கும் தனித்தனித் தாழ்வரம்பு உண்டு. கணிதத்தில் சிறந்து ஆங்கிலப் பகுதியில் சறுக்கியவருக்குக் கூட்டுத்தொகை கைகொடாது. தமிழ்வழியில் பயின்ற நம் பிள்ளைகள் இழப்பது பெரும்பாலும் இங்கேதான். ஓராண்டேனும் நாள்தோறும் ஆங்கில ஏட்டின் தலையங்கத்தைப் படிப்பது தவிர குறுக்குவழி நானறியேன்.

ஆகவே பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, கடிகாரம் வைத்து, பகுதிக்கு 40 நிமிடம் என எழுதிப் பாருங்கள். சரியான விடைக்கு 3. தெரிவு வினாவில் தவறினால் 1 கழியும். மும்முறை எழுதி, மிகக் குறைந்த பகுதியையே உங்கள் அளவாகக் கொள்ளுங்கள். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களையும் உடன் வையுங்கள். பெங்களூர் போன்றவை அவற்றிற்கும் எடை தருகின்றன. அவை குறைந்தவர், தேர்வு மதிப்பெண்ணுக்கே மிகுந்த எடை தரும் கழகம் எதுவெனச் சேர்க்கை விதிகளைப் படித்துத் தேர்ந்தெடுக்கலாம்.

கட்டணம் பழைய கழகங்களில் 20 லட்சம் ரூபாயைத் தாண்டும். அத்தொகை கேட்டே பல பெற்றோர் வாயடைத்துப் போகின்றனர். ஆண்டு வருமானம் 8 லட்சத்திற்கு மேற்படாத பட்டியல் சாதிக் குடும்பத்தார்க்கு நடுவண் அரசின் உயர்தரக் கல்வி உதவித்தொகை உண்டு. கழகந்தோறும் எண்ணிக்கை வரையறுக்கப்பட்டது என்பதால், இடம் கிடைத்த அன்றே விண்ணப்பிக்க வேண்டும். சாதிச் சான்றிதழும் நடுவண் அரசுப் படிவத்திலேயே இருக்கட்டும்.

நேர்முகத்தில் ஊரைப் பற்றிக் கேட்பர். 2019-இல் கிலோ 7,000 ரூபாய் தொட்ட ஏலக்காய் பின்னர் ஏன் வீழ்ந்தது, குவாத்தமாலா நமக்கு எவ்வகையில் போட்டி என்று கேட்டால், விடியுமுன் ஜீப்பில் போடிமெட்டு ஏறும் தாயின் பிள்ளைக்குச் சொல்ல நிறைய உண்டு. கூலிக் கணக்கைச் சொல்ல நாணுதல் வேண்டா.

பதிவு ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில்; நமக்குக் கட்டணம் பாதி. தேர்வு பெரும்பாலும் நவம்பர் இறுதி ஞாயிறு. மதுரையில் மையம் உண்டு. முதல் அமர்வு காலை 8.30 மணிக்கே தொடங்குவதால் முன்னாள் இரவே சென்று தங்குக.