லவேல் துரையின் குத்தகையும் நம் குடிவழியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இரயில்வேயில் எழுத்து வேலை பார்க்கும் யாம் புலவர் அல்லோம். ஆயினும், ஏடுகளோடும் பதிவேடுகளோடும் பழகிய பழக்கத்தால், ஒரு நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குச் சென்றது என்று தேடிப் பார்ப்பதில் எமக்கு ஆர்வம் உண்டு. அவ்வாறு அறிந்த சிலவற்றை இங்கே எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

பங்காரப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை 1894ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கிளைப் பாதையில் நாம் தினமும் பயணம் செய்கின்றோம். அதிலுள்ள நிலையங்களுள் உரிகமும் மாரிக்குப்பமும் பழைய ஊர்ப் பெயர்கள். கோரமண்டலும் சாம்பியனும் சுரங்கக் கம்பெனிகளின் பெயர்கள். ஊர்களாக இருந்த இடம் கம்பெனிகளின் இடமானது எவ்வாறு?

திப்பு சுல்தான் 1799இல் வீழ்ந்த பின், மைசூரின் கீழ்த்திசை எல்லையை அளக்க வந்தவர் லெப்டினன்ட் ஜான் வாரன். இப்பகுதியில் பொன் கிடைப்பதாகக் கேள்வியுற்ற அவர், 1802இல் பொன்னைக் காட்டுவோர்க்குப் பரிசு தருவதாக அறிவித்தார். சிற்றூர் மக்கள் வண்டிகளில் மண்ணைக் கொணர்ந்து, அவர் கண்முன்னே கழுவிப் பொன் துகளைக் காட்டினர். அம்மக்களுக்கு வழிவழியாகத் தெரிந்திருந்த தொழிலே அது. வாரன் அதைக் குறித்து வைத்தார்.

ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்து, நியூசிலாந்துப் போரில் பணியாற்றிவிட்டுப் பெங்களூரில் வந்து குடியேறிய அயர்லாந்துக்காரர் மைக்கேல் பிட்ஸ்ஜெரால்டு லவேல் அக்குறிப்பைப் படித்தார். மாட்டு வண்டியேறிக் கோலார் வந்து பார்த்தார். 1873இல் மைசூர் அரசுக்கு விண்ணப்பம் எழுதினார். 1875ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் அவருக்கு 20 ஆண்டுக் குத்தகை கிடைத்தது. அக்குத்தகை உழுது பயிரிடும் உரிமையன்று; நிலத்தடிப் பொருளைத் தோண்டியெடுக்கும் உரிமையாகும். உரிகத்தருகே சுரங்கம் வெட்டத் தொடங்கினார். ஆனால் பாறையைத் துளைக்க அவர் கைப்பணம் போதவில்லை. 1877இல் மேஜர் ஜெனரல் பெரெஸ்போர்டும் அவர் நண்பர்களும் அவ்வுரிமையைப் பெற்றனர். 1880இல் இலண்டன் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. 1956இல் மைசூர் அரசும், 1962இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன.

அன்பர்களே! ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஆண்டும் பெயரும் இருப்பதைக் கவனியுங்கள். சில ஆண்டுகளே உரிமை வைத்திருந்த லவேலின் பெயரைப் பெங்களூரில் ஒரு சாலை இன்றும் தாங்கி நிற்கின்றது. மூன்று கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழம் வரை இறங்கிப் பாறையுடைத்த நம் முன்னோரின் பெயர்கள் எங்கே?

வட ஆற்காடு, சித்தூர், சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து மேஸ்திரிகளின் பின்னே நம் முன்னோர் வந்தனர். பலர் சொந்த ஊரில் ஒரு காணி நிலமும் இல்லாதவர். சாதிக் கொடுமைக்கும் பஞ்சத்துக்கும் தப்பி வந்தவர். கம்பெனி அவர்களைப் பதிவு செய்ய முனைந்ததும் உண்டு. 1930இல் கைரேகை பதியவேண்டும் என்று கட்டளையிட்டபோது, தம்மைக் குற்றவாளிகளைப் போல் நடத்துவதா என்று தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். பிறர் நம்மைப் பதிவதை எதிர்த்தது மானமுள்ள செயல். ஆனால் நம்மை நாமே பதிந்துகொள்ளாமல் விட்டது பெருங்குறையன்றோ?

நிலம் இருந்த குடும்பங்களும் இல்லாமலில்லை. செங்கற்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீர் எழுதிய அறிக்கையின் பயனாக, 1892 முதல் சென்னை மாகாணத்தில் தாழ்த்தப்பட்டோர்க்கெனப் பஞ்சமி நிலங்கள் ஒப்படைக்கப்பட்டன. அவற்றைப் பிறர்க்கு விற்கக் கூடாதென்ற நிபந்தனையும் இருந்தது. தங்கவயலுக்கு வந்தவர் திரும்பாதபோது, அத்தகைய நிலம் வேறு கைக்குப் போயிருக்கக் கூடும். எனவே தாத்தாவின் ஊரும் வட்டமும் தெரிந்தால், கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் 'அ' பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். 1980களில் பட்டாக்கள் புதுப்பிக்கப்பட்டபோது பல பழைய பெயர்கள் மறைந்தன. ஆதலால் அதற்கு முந்திய நிலவரித்திட்டப் பதிவேட்டையும் பார்த்தல் வேண்டும். சார்பதிவாளரிடம் வில்லங்கச் சான்று பெறலாம். சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய ஏடுகள் உள்ளன.

இங்கேயும் தேட இடமுண்டு. பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, கோயில் நன்கொடைக் கல்வெட்டு, தேவாலய ஞானஸ்நானப் பதிவேடு, கல்லறைக் கல், சேமநிதிச் சீட்டு, கம்பெனி அடையாளச் சீட்டு ஆகிய அனைத்தும் சான்றுகளே. பரணில் கிடக்கும் பழைய தகரப் பெட்டியைக் குப்பை என்று எறிந்துவிடாதீர்கள். சுரங்கம் மூடிய பின்னும் லைன் வீடுகளில் வாழும் நம்மவரை நோக்கி, "எத்தனை தலைமுறையாக இங்கே இருக்கின்றீர்கள்?" என்று ஒருவர் கேட்டால், வாய்ச்சொல்லைவிடக் காகிதமே உரக்கப் பேசும்.

ஆகவே, சங்கம் ஒரு குடிவழி ஏடு தொடங்க வேண்டுமென்று வேண்டுகின்றோம். குடும்பத்துக்கு ஒரு பக்கம் போதும். முதலில் வந்தவர் பெயர், அவர் மனைவி பெயர், பிறந்த ஊர், வந்த ஆண்டு, அழைத்து வந்த மேஸ்திரி, இறங்கிய சுரங்கம், குடியிருந்த லைன் ஆகியவற்றை எழுதுங்கள். பெண்களின் பெயர்களை மறவாதீர்கள். ஊரின் பெயரும் உறவின் பெயரும் பெரும்பாலும் பாட்டிமார் நினைவிலேயே தங்கியுள்ளன. அவர்கள் நம்மோடிருக்கும்போதே கேட்டு எழுதுதல் பிள்ளைகளின் கடமை.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!