தூக எஷ்டு?

  

கறுப்பு அங்கிக்குள் வேர்த்துக் கொண்டிருக்கும் பட்டதாரிகளே, உங்களில் பாதிப் பேர் செவிலியர் படிப்பு, மீதிப் பேர் ஆய்வக நுட்பம். அதனால் ஒரு தராசைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

மைசூரு மண்டி மொஹல்லாவில் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனை இருக்கிறது. 1906-இல் தொடங்கியது. ஊர்க்காரர்களுக்கு அது மிஷன் ஆஸ்பத்திரி. 1934 முதல் அங்கே பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச் சுற்றளவு மூன்றையும் எடுத்துப் பதிவேட்டில் எழுதி வைத்தார்கள். எழுதிய செவிலியர்களுக்கு இது ஒரு நாள் மாரடைப்பு ஆராய்ச்சிக்குப் பயன்படும் என்று தெரிந்திருக்க வழியே இல்லை.

இங்கிலாந்தில் டேவிட் பார்க்கர் என்ற மருத்துவர், ஹார்ட்ஃபோர்ட்ஷயரின் பழைய பிரசவப் பதிவேடுகளைப் புரட்டி, எடை குறைந்து பிறந்தவர்கள் இதய நோயால் அதிகம் இறப்பதை 1989-இல் எழுதினார். வயிற்றில் இருக்கும்போது ஊட்டம் போதாவிட்டால் சிசு மூளையைக் காப்பாற்றிக்கொண்டு மற்ற உறுப்புகளில் சிக்கனம் பிடிக்கிறது, அந்தச் சிக்கனம் ஆயுள் முழுக்கத் தொடர்கிறது என்பது அவர் கட்சி. நம் ஊரிலும் அப்படியா? கரோலின் ஃபால் உள்ளிட்ட குழு மைசூருக்கு வந்து, 1934-க்கும் 1954-க்கும் இடையே அந்த ஆஸ்பத்திரியில் பிறந்து அக்கம்பக்கத்திலேயே வாழ்ந்த 517 பேரைப் பரிசோதித்தது. 1996-இல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. இரண்டரைக் கிலோவோ அதற்குக் கீழோ பிறந்தவர்களுக்கு இதய நோய் 11 சதவீதம். மூன்று கிலோவுக்கு மேல் பிறந்தவர்களுக்கு வெறும் 3.

சர்க்கரை நோய் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. 1998-இல் வந்த கட்டுரையில், உயரம் குறைந்து உருண்டையாகப் பிறந்தவர்களுக்கும் கனத்த தாய்மாருக்குப் பிறந்தவர்களுக்கும்தான் அது அதிகமாக இருந்தது. எதிர்பார்த்தது வரவில்லை என்று மூடி மறைக்காமல் அப்படியே எழுதினார்கள். அதே புதிரைத் துரத்தியதுதான் பார்த்தினான் ஆய்வு. 1997-98-இல் கர்ப்பிணிகளுக்குக் குளுக்கோஸ் கொடுத்து ரத்தச் சர்க்கரை பார்த்து, அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்த தாய்மாரின் பெண் குழந்தைகளுக்கு ஐந்து வயதிலேயே தோலடிக் கொழுப்பு கூடியிருந்தது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்றது 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு. மாத்திரை தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் வைத்தியம் தொடங்க வேண்டிய இடம் கர்ப்பிணியின் சாப்பாட்டுத் தட்டு, ஏன், அவள் கர்ப்பம் ஆவதற்கு முன்பே என்பது என் பிடிவாதம்.

இனி என் கதை. எண்பதுகளில் மாணவனாக மைசூரு போனபோது எனக்குக் கன்னடம் பூஜ்யம். தேவராஜா மார்க்கெட்டில் மல்லிகை வாங்கக்கூடச் சைகைதான். முதல் வாரமே ஒரு சின்னப் பிரசவ விடுதிக்குப் படிவத்தோடு அனுப்பினார்கள். அங்கிருந்த நர்ஸ் அக்கா ஒவ்வொரு தொட்டிலாகக் காட்டி, "தூக எரடூவரே" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எரடூவரே, இரண்டரை. அது எனக்குப் புரிந்தது. தூக என்பது தூக்கம்தானே என்று நினைத்து, 'இரண்டரை மணி நேரம்' என்று பதினோரு குழந்தைக்கும் கர்ம சிரத்தையாக எழுதினேன். சாயங்காலம் பேராசிரியர் படிவத்தைப் பார்த்துவிட்டு, "மைசூர்ப் பிள்ளைகள் ராத்திரி முழுக்க என்னப்பா செய்கிறார்கள்?" என்றார். கன்னடத்தில் தூக என்றால் எடை; தூக எஷ்டு என்றால் எடை எவ்வளவு. நம் பக்கத்துப் பெரியவர்களும் எடையைத் தூக்கு என்றுதானே சொன்னார்கள்! எனக்குத்தான் உறைக்கவில்லை.

எல்லோரும் சிரித்து முடித்த பிறகு பேராசிரியர் கேட்டார்: "அதெப்படிப் பதினோரு குழந்தையும் இரண்டரை?"

திரும்ப ஓடினேன். அக்கா கோபிக்கவில்லை. இரண்டரைக்குக் கீழே எழுதினால் பெரிய டாக்டர் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார், அம்மாக்காரியும் அழுவாள், அதனால் முள் பக்கத்தில் நின்றாலே இரண்டரை என்று போட்டுவிடுவது வழக்கம் என்றார். உங்கள் கையெழுத்துக்கும் இப்படிச் சபலம் வரும், பட்டதாரிகளே. யாரும் பார்க்காத நேரத்தில்தான் வரும்.

அன்றே அக்கா முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்பி, துணியை உருவிவிட்டு, ஒவ்வொரு குழந்தையாக மறுபடி வைத்தார். பதினொன்றில் நான்குதான் இரண்டரை. ஓரத் தொட்டிலில் கிடந்த பெண் குழந்தை 2 கிலோ 150 கிராம். தூக்கம் என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு அந்த எண்ணை எழுதினேன். அவளுக்கு இப்போது நாற்பது வயது ஆகியிருக்கும்.