இடியன் துவக்கும் பறவைப் பெயர்களும்



இலக்கியத் தொடரில் வேட்டையைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் நண்பர்கள் இருவர் முகம் சுளித்தார்கள். அன்புவழிபுரத்தில் குடியிருந்துகொண்டு பறவை சுடுகிற கதை சொல்லலாமா என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். கொலையைப் புகழ்வது என் நோக்கமல்ல. 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் பின்னர் வந்த திருத்தங்களும் நம் பறவைகளுக்குக் காவலாக நிற்கின்றன. அந்தக் காவல் வேண்டியதே. நான் பேச வந்தது வேறொரு இழப்பைப் பற்றி. வேட்டைக்காரனோடு சேர்ந்து அவன் வாயிலிருந்த சொற்களும் போய்க்கொண்டிருக்கின்றன.

துவக்கு என்ற சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். தமிழ்நாட்டார் துப்பாக்கி என்பதை நாம் துவக்கு என்கிறோம். இரண்டும் ஒரே துருக்கிச் சொல்லின் பிள்ளைகள். சிங்களத்திலும் அது துவக்குவ. எங்கிருந்தோ வந்த சொல் நம் காட்டில் குடியேறி, ‘இடியன்’ என்ற தூய தமிழ்ப் பெயரையும் சேர்த்துக்கொண்டது. வன்னியிலும் திருகோணமலைப் பக்கத்திலும் பழைய ஆட்களுக்கு இடியன் என்றால் தெரியும். குழாயின் வாய்வழியே மருந்தைக் கொட்டி, தும்பை வைத்து, கம்பியால் இடித்து, அதன்மேல் ஈயச் சன்னத்தைப் போட்டு, மறுபடி தும்பு வைத்து இடிக்க வேண்டும். இடிப்பதால் இடியன். வெடிக்கும்போது இடி போலக் கேட்பதாலும் அந்தப் பெயர் அதற்குப் பொருந்தித்தான் இருந்தது.

தம்பலகாமத்தில் வயல் செய்த என் பெரியப்பா ஒருவரிடம் அப்படியொரு துவக்கு இருந்தது. கடைசிக் காலத்தில் அவர் அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டு விறாந்தையில்தான் இருந்தார். அப்போது துவக்கு இல்லை, கதை மட்டும் இருந்தது. ஈயம் மீன்பிடிகாரரின் பழைய வலைகளிலிருந்து வரும். தும்பு தென்னையிலிருந்து வரும். மருந்துக்குச் சின்ன மூங்கில் குழல் அளவு. அதே குழலால் சன்னமும் அளப்பார். மருந்தும் சன்னமும் ஒரே அளவு என்பது அவர் கணக்கு. இங்கிலாந்தின் பழைய வேட்டைக்காரரும் இதே கணக்கைத்தான் வைத்திருந்தார்கள் என்று பின்னாளில் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. யார் யாரிடம் கற்றாரோ!

கரிமருந்து என்பது வெடியுப்பும் கரியும் கந்தகமும் சேர்ந்த கலவை. வெடியுப்புத்தான் பெரும்பங்கு. கண்டி இராச்சியத்தில் அது எங்கிருந்து வந்தது என்பதை ஜோன் டேவி என்ற மருத்துவர் 1821இல் வெளியான தமது நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். மலைக்குகைகளில் வௌவால் எச்சம் ஊறிய மண்ணை எடுத்து, மரச்சாம்பலோடு கலந்து, நீர் ஊற்றி வடித்துக் காய்ச்சினார்கள். ஒரு பறவையை வீழ்த்தும் மருந்து, இன்னொரு பறக்கும் உயிரின் கழிவிலிருந்து வந்திருக்கிறது.

இந்த மருந்துக்கு ஈரம் ஆகாது. இங்கேதான் எங்கள் பகுதியின் விசித்திரம். தாராக்களும் உள்ளான்களும் வடக்கிலிருந்து வந்து சேர்வது ஒக்டோபர், நவம்பரில். அதுதான் எங்களுக்கு மாரி. குளம் நிரம்பி, வயல் சேறாகி, பறவை வந்து இறங்கும் அதே நாட்களில் மருந்து நமுத்துப்போகும். வானம் ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறித்தது. பெரியப்பா மருந்துக் குடுக்கையை அடுப்பங்கரைக்குப் பக்கத்தில் வைத்திருந்ததாகச் சொன்னபோது பெரியம்மாவின் முகம் போன போக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஈரத்தைப் போலவே வெளிச்சமும் வேட்டைக்காரனுக்குப் பகை. ஸ்கொட்லாந்தில் அலெக்சாண்டர் போசைத் என்றொரு பாதிரியார் இருந்தார். நீர்ப்பறவை வேட்டையில் பிரியமுள்ளவர். அக்காலத்துச் சக்கிமுக்கித் துவக்கில் வெளியே உள்ள கிண்ணத்து மருந்து முதலில் பளிச்சென்று எரியும். அதன் பிறகே குழாய் வெடிக்கும். அந்த ஒரு நொடிக்குள் பறவை வெளிச்சத்தைக் கண்டு மூழ்கிவிடும், அல்லது பறந்துவிடும். இதற்கு வழிதேடிய பாதிரியார், தட்டினால் வெடிக்கும் இரசாயனத்தைக் கொண்டு புதிய பொறி ஒன்றைச் செய்து 1807இல் காப்புரிமை பெற்றார். பிற்காலப் படைகளின் துவக்குகளெல்லாம் அந்த வழியில் வந்தவையே. தாராக்களின் கண்கூர்மை உலகத்துப் போர்முறையை மாற்றியது என்று சொன்னால் அது முழுக்க மிகையாகாது.

பொறி மாறினாலும் புகை மாறவில்லை. 1884இல் பிரான்சில் வியேய் என்பவர் புகையில்லா மருந்தைக் கண்டுபிடிக்கும் வரைக்கும், அதன் பிறகும் நெடுங்காலம், சுட்டவன் முன்னால் வெள்ளைத் திரை விழுந்தது. காற்றில்லாத மாரிக் காலையில் அது அசையாமல் நிற்கும். பறவை விழுந்ததா, பறந்ததா? “புகைக்குள்ள கண்ணுக்கு வேலை இல்லை தம்பி, காதைக் குடு” என்பார் பெரியப்பா. தண்ணீரில் விழுந்த சத்தமா, சிறகடித்த சத்தமா, எந்தத் திசை, எந்தப் பறவை? மறுபடி மருந்திட்டு இடிக்கும் வேளைக்குள் மற்றப் பறவைகள் எல்லாம் போய்விடும். ஆகவே ஒரு வெடி. அந்த ஒன்றுக்காக எந்த ஆல் எப்போது பழுக்கும், பச்சைப்புறா எந்தக் கிளையில் இறங்கும், காட்டுச் சேவல் விடியலில் எந்தப் பற்றையிலிருந்து கூவும் என்றெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். கையைக் குவித்துத் தொடையில் தட்டி, இன்னொரு சேவல் சிறகடிப்பது போலச் சத்தம் எழுப்புவார். காட்டுச் சேவல் சண்டைக்கு வரும். அதை எனக்கு விறாந்தையில் செய்து காட்டியபோது எங்கள் வீட்டுச் சேவல் வேலியோரம் நிமிர்ந்து பார்த்தது.

துரைமாரின் வேட்டை வேறு. அவர்களுக்குப் பன்னிரண்டு போர்த் துவக்கு. இங்கே போர் என்பது யுத்தமல்ல, குழாயின் அகலம். அந்த வாய்க்குச் சரியான ஈய உருண்டை பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு இறாத்தல். மூன்று திராம் கரிமருந்து, ஒன்றேகால் அவுன்சுக்குச் சற்றுக் குறைந்த சன்னம் என்பது வழக்கமான இடுகை. இன்றைக்கும் சில தோட்டாப் பெட்டிகளில் ‘திராம்’ என்ற பழைய அளவை அச்சிடுகிறார்கள். உள்ளே இருப்பது புகையில்லா மருந்து, சொல் மட்டும் கரிமருந்தினுடையது. இரும்பும் உருக்கும் முறுக்கிச் செய்த அந்தப் பழைய குழாய்களில் புதிய மருந்தை இட்டால் குழாய் பிளக்கும் அபாயம் உண்டு. அதனால்தான் மேல்நாடுகளில் பழந்துவக்குப் பிரியர்கள் இன்றும் கரிமருந்தையே நாடுகிறார்கள். அதன் கசடு ஈரத்தை உறிஞ்சித் துருவை வளர்க்கும் என்பதால், அன்றன்றே வெந்நீரில் கழுவவும் வேண்டும். கடற்காற்று வீசும் எங்கள் ஊரில் ஒரு நாள் சோம்பினால் போதும்.

துரைமார் உள்ளானைச் சுட்டார்கள். சேற்றிலிருந்து கோணல்மாணலாக எழும் கைப்பிடிப் பறவை. சுடுவது கடினம் என்பதே அவர்களுக்குப் பெருமை. பெரியப்பா உள்ளானைச் சுட்டதேயில்லை. “ஒரு வாய்க் கறிக்கு ஒரு வெடியா?” என்பார். உள்ளானுக்குக் கண்ணிதான்.

துரைமாரில் ஒருவரை மட்டும் தனியே சொல்ல வேண்டும். வின்சன்ட் லெக், பிரித்தானியப் பீரங்கிப் படை அதிகாரி. 1868இல் இலங்கைக்கு வந்தார். அவர் எழுதிய இலங்கைப் பறவைகளின் வரலாறு 1878 முதல் 1880 வரை பகுதி பகுதியாக இலண்டனில் வெளியாயிற்று. ஆயிரம் பக்கங்களுக்கு மேல்; கூலெமன்ஸ் வரைந்த வண்ணப்படங்கள் வேறு. திருகோணமலை அந்த நூலில் அடிக்கடி வருகிறது. தொலைநோக்கியால் பார்த்து எழுதிய நூல் அல்ல அது. அந்நாளில் பறவையை அறிவதென்றால் சுட்டு வீழ்த்தி, தோலை உரித்து, அளந்து பார்ப்பது. அமெரிக்காவின் ஓடுபனும் சுட்ட பறவைகளை வைத்தே தமது ஓவியங்களை வரைந்தார். பம்பாயில் சலீம் அலியைப் பறவையியலுக்கு இழுத்ததும், சிறுவயதில் காற்றுத் துவக்கால் சுட்ட ஒரு குருவிதான்.

லெக்கின் நூலில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஆங்கிலம் அல்ல. பறவைகளின் தலைப்பின் கீழே சிங்களப் பெயரும் தமிழ்ப் பெயரும் ஆங்கில எழுத்தில் இருக்கின்றன. அந்தப் பெயர்களை அவருக்குச் சொன்னவர்கள் யார்? மருந்துப் பை தூக்கிப் போனவர்களும், காடு காட்டியவர்களும், கண்ணி வைத்தவர்களுமாகத்தான் இருக்க வேண்டும். நம் வேட்டைக்காரனின் சொற்களை நாம் எழுதி வைக்கவில்லை. அவனிடம் இருந்ததைப் போன்ற கரிமருந்துத் துவக்கோடு வந்த ஒரு பீரங்கிப் படைக்காரர் எழுதி வைத்தார். எனக்கு அதில் நன்றியும் உண்டு, கொஞ்சம் வெட்கமும் உண்டு.

அந்தச் சொற்களில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஆட்காட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வயல்வெளியில் மனிதன் கால் வைத்ததும் கத்திக்கொண்டு மேலே சுற்றும் பறவை. ஆளைக் காட்டிக்கொடுப்பதால் ஆட்காட்டி. யாருக்கு இந்தப் பெயர் தோன்றும்? ஒளிந்து பதுங்கி வந்தவனுக்குத்தான். அதில் பறவையின் நிறமும் இல்லை, குரலும் இல்லை. வேட்டைக்காரனின் எரிச்சல் இருக்கிறது. ‘பார்வை’ என்பது இன்னொன்று. மற்றப் பறவையையோ விலங்கையோ ஈர்ப்பதற்காக வேடன் கட்டிவைக்கும் பழக்கிய உயிருக்குச் சங்ககாலத்தில் அதுவே பெயர். நற்றிணையில் ஒரு பாடலில், குளிரில் சிறகு ஒடுங்கி வாடும் வெண்குருகை, பார்வை வைத்துப் பிடிக்கும் வேடனே இரங்கிக் கட்டவிழ்த்து விடுகிறான். பிரிவைச் சொல்ல வந்த புலவருக்கு வேடனின் கைப்பழக்கம் இவ்வளவு நெருக்கமாகத் தெரிந்திருக்கிறது.

நிலாவெளிக் கரைக்கு ஒரு கிலோமீற்றர் அப்பால் புறாத்தீவு இருக்கிறது. பாறைகளில் கூடுகட்டும் மாடப்புறாவால் வந்த பெயர். குடியேற்றக் காலத்தில் அது சுடுபயிற்சிக் களமாக இருந்தது. 1963இல் சரணாலயமாயிற்று, 2003இல் தேசியப் பூங்காவாயிற்று. இன்று அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் பவளப்பாறை பார்க்கத்தான் போகிறார்கள். புறா பிழைத்தது, மகிழ்ச்சி.

சொற்கள் பிழைக்கவில்லை. 1983க்குப் பிறகு எங்கள் பக்கத்தில் காட்டுக்குள் வெடி கேட்டால், என்ன பறவை என்று யாரும் கேட்கவில்லை; யார் என்றுதான் கேட்டார்கள். துவக்கு என்றால் வேறொரு துவக்கு. ஆட்காட்டி என்றால் வேறொரு ஆட்காட்டி; வீட்டுக்குள்ளேகூட அந்தச் சொல்லை மெதுவாகச் சொன்ன காலம் அது. காட்டுக்குப் போகாத ஒரு தலைமுறை வளர்ந்தது. 2009இல் போர் முடிந்தபோது பெயர் தெரிந்த கிழவர்களில் பலர் இல்லை. இன்று பறவை பார்க்கும் நம் இளைஞர்கள் நல்ல கருவிகளோடு போகிறார்கள், அருமையாகப் படமெடுக்கிறார்கள். பெயரை மட்டும் ஆங்கிலக் கைநூலில் தேடுகிறார்கள்.

நேயர்களே, தம்பலகாமத்திலோ கிண்ணியாவிலோ மூதூரிலோ உங்கள் வீட்டில் ஒரு பழைய வேட்டைக்காரர் இருந்தால், அவரிடம் பெயர்களை மட்டும் கேட்காதீர்கள். எந்த மாதம், எந்த மரம், எந்தச் சத்தம் என்பதையும் கேட்டு எழுதுங்கள். வெறும் பெயர் போதாது. பெரியப்பா சொல்லச் சொல்ல நான் எழுதிய கொப்பியில் ஓரிடத்தில் ‘சிறகி, மூன்று வகை’ என்றிருக்கிறது. முதல் இரண்டுக்கும் நேரே குரலும் குளமும் குறித்திருக்கிறேன். மூன்றாவதைச் சொல்லத் தொடங்கியபோது யாரோ படலையில் கூப்பிட்டார்கள். அந்த வரி இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.